ஒருவேளை சார்

பஸ்ஸில் எந்த இடத்தில் உட்கார்ந்தால் உயிருக்கு உத்தரவாதம் என்று ஆராய்ச்சி செய்த ஒரு மனிதரோடு நான் தினமும் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். முதலில் அவர் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். எதிரே வரும் லாரி மோதினால் அந்த வரிசைதான் முதலில் போகும் என்று தோன்றியதும் கடைசி சீட்டுக்குப் போனார். பின்னால் வருகிறவன் இடித்தால்? நடுவில் உட்கார்ந்து பார்த்தார். வண்டி கவிழ்ந்தால் ஜன்னலோரம் இருப்பவன் அடியில் மாட்டுவான், உள்பக்கம் இருப்பவன்மேல் மற்றவர்கள் விழுவார்கள். கடைசியில், எவ்வளவு இடமிருந்தாலும், வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் நடுக்கம்பியைக் கட்டிப் பிடித்தபடி நின்றே வந்தார்.

"யோவ் பெர்சு, அவ்ளோ சீட்டு காலியா கீது. குந்தேன்யா" என்று கண்டக்டர் கத்துவார்.

"குந்தினவன்லாம் தூங்கினு வருவாம்பா. நிக்கறவன்தான் உஷாரா இருப்பான். ஒருவேளை பிரேக் போட்டா?"

ஒரு நாள் டிரைவர் எருமை குறுக்கே வந்ததென்று பிரேக் போட்டார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கினார்கள். விழுந்தது இவர் ஒருத்தர்தான். விழுந்த இடம் என் சாப்பாட்டுக் கூடை. அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. எங்கள் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

அவருக்கும் அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் யாரும் அதைச் சொன்னதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. முதலாளி முதல் கேட்டைத் திறக்கும் வாட்ச்மேன் வரைக்கும் அவர் ஒருவேளை சார்தான். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டோம். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டால் ஒருவேளை நாங்கள் இன்னும் மோசமாக ஏதாவது வைத்துவிடுவோம் என்ற பயமாக இருக்கலாம்.

ஆள் ஒல்லி. பேண்டுக்கு பெல்ட் போட்டிருப்பார், பெல்ட் அறுந்தால் இருக்கட்டும் என்று உள்ளே அரைஞாண் கயிற்றையும் பேண்டோடு சேர்த்து முடிந்திருப்பார். சட்டைப்பையில் இரண்டு பேனா, பேண்ட் பையில் இரண்டு கர்ச்சீப். சித்திரை வெயிலிலும் குடை. செருப்பு வார் அறுந்தால் மாட்ட ஓர் ஊக்கு, அந்த ஊக்கு தொலைந்தால் இன்னொன்று. புடவைக்கு ஊக்கு வேண்டுமென்றால் நாங்கள் பெண்கள் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை, அவரிடம்தான் போவோம். திட்டிக்கொண்டே கொடுப்பார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. இப்போது அந்தப் பக்கம் போனால் மதிலுக்கு மதில் கார் கம்பெனி. அன்றைக்கு ஏரியும் சவுக்குத் தோப்பும் நடுவில் எங்கள் தகரக் கொட்டகையும்தான். நாங்கள் காருக்கு பிரேக் சாமான் செய்துகொண்டிருந்தோம். அப்போதுதான், பாதி உலகத்துக்குக் கார் விற்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எங்கள் முதலாளியைத் தேடிப்பிடித்தது. பிரேக்கில் போகிற விரல் நீள ராடு ஒன்றை எங்களிடம் வாங்கிப் பார்க்கலாம் என்றது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்விகள் இருக்கிறதே, பெண் பார்க்க வந்தவர்கள்கூட அத்தனை கேட்கமாட்டார்கள். கரண்ட் நின்றால் என்ன செய்வீர்கள்? இரும்பு வராவிட்டால்? வெள்ளம் வந்தால்? இதையெல்லாம் முன்கூட்டி யோசிப்பதற்கென்றே உங்களிடம் ஓர் ஆள் இருக்கிறாரா?

முதலாளி ஒர்க்ஸ் மேனேஜரைப் பார்த்தார். ஒர்க்ஸ் மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். "இதுக்குத் தனியா ஆள் வேற வெப்பாங்களா? நம்ம ஸ்டோர்ஸ்ல ஒருத்தன் இத்த சும்மாவே செஞ்சினு கீறானே!" என்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு வராந்தா வரைக்கும் கேட்டது. மறுநாள் ஒருவேளை சாருக்கு ஒரு மேஜையும், இங்கிலீஷில் வாயில் நுழையாத ஒரு பதவியும் கிடைத்தன. பிறவிக் குணத்துக்குச் சம்பளம் வாங்கிய ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

பதவி வந்ததும் மனிதர் கண்ணில் படுவதையெல்லாம் பயமுறுத்த ஆரம்பித்தார். முதல் வாரமே செம்பரம்பாக்கம் ஏரியில் கை வைத்தார்.

"ஒருவேளை ஏரி உடைஞ்சா சார்?"

"உடைஞ்சா தண்ணி மெட்ராஸ் பக்கம்தான்யா போகும்" என்றார் ஒர்க்ஸ் மேனேஜர். "நம்மகிட்ட வரணும்னா அது பஸ் புடிச்சுதான் வரணும்."

பல வருஷம் கழித்து அந்த ஏரித் தண்ணீர் சென்னையில் வீடுகளுக்குள் புகுந்ததை டி.வி.யில் பார்த்தபோது எனக்கு முதலில் இவர் முகம்தான் ஞாபகம் வந்தது. நேரில் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். ஆனால் என்னை ஒரு பார்வை பார்த்திருப்பார்.

அடுத்தது லாரி. மெட்ராஸுக்குப் போகும் சரக்கு முழுவதையும் ஒரே லாரியில் ஏற்றுவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒருவேளை அது கவிழ்ந்துவிட்டால் எல்லாம் போச்சே! ஆகவே சரக்கைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு லாரியில் ஏற்றினார். ஒன்று ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போக வேண்டும், இன்னொன்று படப்பை வழியாக. ஒன்றுக்கு ஆபத்து வந்தாலும் மற்றது போய்ச் சேரும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. டிரைவர்கள் ஏழுமலையும் எத்திராஜும் மாமன் மச்சான் என்பதை அவர் யோசிக்கவில்லை. வேறு வேறு ரோட்டில் போகப்போகிறோமே என்று இரண்டு பேரும் ஒரகடம் கூட்டு ரோட்டில் லாரியை நிறுத்திச் சேர்ந்து டீ குடித்தார்கள். கிளம்பும்போது ஏழுமலை ரிவர்ஸ் எடுத்தான். பின்னால் நின்றது எத்திராஜ் லாரி.

"எப்பவும் ஒரு லாரிதான் சார் இடிக்கும். நீங்க வந்தப்பறம் ரெண்டும் ஒரே டயத்துல இடிச்சிகிச்சு" என்று ஏழுமலை வந்து சொன்னபோது, முதலாளி கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு மணல் வாளி. தீப்பிடித்தால் அணைக்க வேண்டுமென்று சிவப்பு பெயிண்ட் அடித்த வாளிகளை வரிசையாக மாட்டி, சலித்த ஆற்று மணலை நிரப்பிவைத்தார். ஒரு நாள் ரவுண்டு வருகையில் கேன்டீன் பக்கத்து வாளி காலியாக இருந்தது. உள்ளே சரோஜா அக்கா பெரிய வாணலியில் மணலைப் போட்டு வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இது? இது நெருப்புக்கு வெச்ச மணல்மா!"

"ஆமா சார், நெருப்பு மேலதான் வெச்சிகீறேன். சுத்தமான மணலு சார், இந்த மாரி எங்கியும் கெடைக்காது. இந்தா, சூடா துன்னு பாரு."

அவர் தின்று பார்த்தார். ஒரு பிடி என்னிடமும் கொடுத்தார். மறுநாளிலிருந்து கேன்டீன் பக்கம் இரண்டு வாளி மாட்டியிருந்தது, ஒன்று நெருப்புக்கு, ஒன்று கடலைக்கு. மனிதர் அப்படித்தான். உலகத்தைத் திருத்த முடியவில்லையென்றால் இன்னொரு வாளி வாங்கிவிடுவார்.

மகள் கல்யாணத்துக்கு, மேளக்காரர் வராவிட்டால் என்று இரண்டு செட்டு மேளம் பேசியிருந்தார். இரண்டு செட்டும் வந்து இறங்கியது. ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் ஊதி அடித்ததில் ஐயர் சொன்ன மந்திரம் மாப்பிள்ளை காதில் விழவில்லை. தாலி கட்டச் சொல்லிச் சைகை காட்ட வேண்டியதாயிற்று. நாங்கள் தொழிற்சாலையிலிருந்து போனவர்கள் சிரித்துச் சிரித்து, பாயசத்தில் புரையேறி, அந்தக் கல்யாணத்தை இன்னும் மறக்கவில்லை.

இவ்வளவு கேலி பேசுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்கு நல்லதில்லை. நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் அங்கே வேலை பார்த்தோம். சாயங்கால ஷிஃப்ட் விட்டதும் ஒரே ஒரு பஸ். அதை விட்டால் சவுக்குத் தோப்பு வழியாக நடை. முதலாளியிடம் போய், "ஒருவேளை அந்த பஸ் வராட்டி சார்?" என்று நின்றவர் இவர்தான். வராவிட்டால் அப்போது பார்க்கலாம் என்றார் முதலாளி. மறுநாளும் போய் நின்றார். அதற்கு மறுநாளும் நின்றார். தொல்லை தாங்காமல் முதலாளி, பஸ் வராத நாளில் பெண்களைக் கம்பெனி வேனில் கொண்டுபோய் விடச் சொன்னார். நாங்கள் யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அப்போதெல்லாம் அதைப் பெரிதாக நினைக்கத் தோன்றாது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் வேலை ராடை அளப்பது. ஒரு சின்ன இரும்பு மேடை, அதற்குமேல் கடிகாரம் மாதிரி ஒரு டயல். டயலிலிருந்து கீழே இறங்கும் முனை, மேடையில் நிற்கவைத்த ராடின் தலையைத் தொடும். ராடு உயரமானால் முள் ஒரு பக்கம் நகரும், குட்டையானால் மறுபக்கம். தினமும் காலையில் மாஸ்டரை நிறுத்தி முள்ளை சைபரில் வைத்துக்கொள்ள வேண்டும். மாஸ்டர் என்பதும் ஒரு ராடுதான். ஆனால் அளவு அச்சாக இருக்கிறதென்று கார் கம்பெனியே முத்திரை போட்டு அனுப்பிய ராடு. நாங்கள் செய்கிறதெல்லாம் அதன் உயரம் இருந்தாக வேண்டும்.

"குட்டையா போச்சுன்னா பிரேக் புடிக்காது. நீட்டா போச்சுன்னா புடிச்ச பிரேக்க வுடாது, எப்பவும் லேசா இழுத்துகினே இருக்கும், சக்கரம் சூடாயிடும்" என்று ஒருவேளை சார் எங்களுக்கு விளக்குவார். எப்போதும் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக் என்றால் என்ன என்று அவரைப் பார்த்தே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

அந்த மாஸ்டரை அவர் வைத்துக்கொண்டிருந்த அழகைப் பார்க்க வேண்டுமே! வெல்வெட் வைத்த பெட்டி, அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அரைஞாணில், ஒரு சாவி கழுத்தில். வேறு யாரும் பெட்டியைத் திறக்கக் கூடாது. காலையில் என்னிடம் கொடுக்கும்போது, "நின்னுகினு வாங்காதம்மா, ஒருவேளை கை தவறினா உசரத்துலேர்ந்து வுழும். குந்தினு வாங்கு" என்பார். நான் தரையில் உட்கார்ந்து, மடியை விரித்து, கோயில் பிரசாதம் மாதிரி வாங்குவேன். துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் எண்ணெய் பூசியிருக்கும். அந்த எண்ணெயைத் தேய்த்துத் துடைக்கவும் விடமாட்டார். தேய்த்தால் ஒருவேளை மாஸ்டரே தேய்ந்துபோகுமாம். மெல்லிய துணியால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும். எப்படியோ போகட்டும் என்று நானும் ஒற்றி எடுத்தேன்.

நான் அப்போது டெம்பரரி. கார் கம்பெனிக்காரன் வந்து முதல் சரக்கைப் பார்த்துச் சரியென்று சொல்லிவிட்டால் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிற எல்லாரையும் பர்மனென்ட் ஆக்குவதாக ஒர்க்ஸ் மேனேஜர் சொல்லியிருந்தார். எனக்கு அது வெறும் வேலைச் சமாச்சாரம் இல்லை. என் அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு தம்பி இருந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசலுக்கு வெற்றிலை எச்சில் துப்பும் திறமையைத் தவிர அவனிடம் வேறு எதையும் நான் கண்டதில்லை. அவனுக்கு என்னைக் கட்டிவைப்பதென்று வீட்டில் பேச்சு. "வேலை நிரந்தரமாச்சுன்னா உன் இஷ்டம். இல்லன்னா தை மாசம் கல்யாணம், அதுக்கு மேல பேச்சு கெடையாது" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். ஆகவே நான் ஒவ்வொரு ராடையும் அளக்கும்போது அவன் எச்சில் துப்புவதை நினைத்துக்கொண்டுதான் அளந்தேன். அப்படி அளந்தால் தப்பு வராது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. மெஷினையெல்லாம் குளிப்பாட்டி, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினோம். ஒருவேளை சார் காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு நடுவில் பூசணிக்காய் உடைத்தால் ஒருவேளை யாராவது வழுக்கி விழுவார்கள், ஓரமாக உடை என்றார். அளவு பார்க்கிற சாமான் எதன்மேலும் பொட்டு வைக்கக் கூடாது என்று கண்டிப்பாக உத்தரவு போட்டார். "பெட்டி மேல வெய்யி. டயல் மேல, கேஜ் மேல ஒரு சொட்டு சந்தனம் பட்டுது, நான் சும்மா இருக்க மாட்டேன்." நாங்களும் பயந்துகொண்டு பெட்டிகளுக்கு மட்டும் பொட்டு வைத்தோம். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்துக் கார் கம்பெனி சரக்கின் முதல் ராடை ஓட்டினார்கள். அடுத்தடுத்த நாட்களில் முழுச் சரக்கும் தயாராகிவிட்டது. எல்லாம் என் டயலில் சைபருக்கு வந்தது. நான் மனதுக்குள் அக்கா கொழுந்தனுக்கு டாட்டா காட்டிவிட்டேன்.

வெள்ளைக்காரர் வந்தார். நல்ல உயரம், வெயிலில் தக்காளியாகச் சிவந்திருந்தார். யாரோடும் அதிகம் பேசவில்லை. மாலையைப் போட்டவுடன் கழற்றி வைத்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார். பையிலிருந்து தன்னுடைய மாஸ்டர் ஒன்றை எடுத்து டயலில் நிறுத்தி சைபர் வைத்தார். பிறகு நாங்கள் செய்த ராடு ஒன்றை நிறுத்தினார். முள் நகர்ந்தது. இன்னொன்றை எடுத்தார். அதற்கும் அதே அளவு நகர்ந்தது. பெட்டி பெட்டியாகத் திறந்து எடுத்து வைத்தார். எல்லாமே முடியளவு நீட்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

வெள்ளைக்காரர் ஒர்க்ஸ் மேனேஜரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். இதையெல்லாம் அளந்து சரியென்று சொன்னது யார் என்று கேட்கிறார் என ஒர்க்ஸ் மேனேஜர் முதலாளிக்குச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைக் காட்டினார்.

"டெம்பரரி சார். டயல ஒழுங்கா செட் பண்ணல போல கீது."

"இன்னிக்கே அனுப்பிடு" என்றார் முதலாளி. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அந்தப் பொண்ண தூக்கியாச்சுன்னு அவர்கிட்ட சொல்லு. தப்பு யார் மேலன்னு தெரிஞ்சா மனுஷன் சமாதானமாவான்."

சரியாகத்தானே வைத்தேன், தினமும் உட்கார்ந்து வாங்கி ஒற்றி எடுத்துத்தானே வைத்தேன் என்று சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. வாசலில் எச்சில் துப்பும் சத்தம் மட்டும் காதுக்குள் கேட்டது. அழுகையாக வந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல்.

"ஒருவேளை..."

"யோவ், நீ வாய மூடு!" முதலாளி திரும்பினார். "இந்த நேரத்துல உன் ஒருவேளைய ஆரம்பிச்சே, உன்ன தொலைச்சுப்புடுவேன்."

ஓர் அதட்டலுக்கே ஒதுங்கிவிடும் மனிதர். அன்றைக்கு ஒதுங்கவில்லை. மாஸ்டர் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஒருவேளை அந்தப் பொண்ணு சரியாத்தான் அளந்திருந்தா சார்? ஒருவேளை நம்ம மாஸ்டரே சரியில்லன்னா? அத்த கெடுத்தது ஒருவேளை நானா இருந்தா?"

இரண்டு பூட்டையும் திறந்து மாஸ்டரை எடுத்தார். எண்ணெயை ஒற்றினார். பிறகு, எங்கள் யாரையும் தேய்க்கவே விடாத அந்தத் தலையில் கட்டைவிரல் நகத்தை வைத்துச் சுரண்டினார். மஞ்சளாக ஒரு பொருக்கு எழுந்தது. வெள்ளைக்காரர் அதை விரலில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். நான் நின்ற இடத்துக்கே வாசம் வந்தது. சந்தனம்.

"எல்லாரையும் வெக்காதன்னு சொல்லிட்டேன் சார்" என்றார் அவர். "அப்பறம் சாயங்காலம் எல்லாரும் போனதும் மனசு கேக்கல. மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சுகீது. எல்லாத்துக்கும் பெரிசு இது, இதுக்கு மட்டும் வெக்கல. ஒருவேளை சாமி குத்தமாயிட்டா? வெள்ளைக்காரன் வர்ற நேரம். தலையில துளியூண்டுதான் சார் வெச்சேன். மறுநாளே ரெண்டு கர்ச்சீப்பாலயும் எடுத்துட்டேன். தேய்க்காம... ஒத்தி ஒத்தி எடுத்தேன்."

ஒற்றினால் எங்கே போகும்? காய்ந்த சந்தனம், கண்ணுக்குத் தெரியாத மெல்லிசில், கல் மாதிரி உட்கார்ந்துவிட்டது. அதன்மேல் டயலின் முனை நின்றது, நான் சைபர் வைத்தேன். சந்தனத்தின் உயரத்தையும் சேர்த்து ஒரு முழுச் சரக்கும் வளர்ந்துவிட்டது.

இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று ஒர்க்ஸ் மேனேஜர் பட்ட பாடு! அவர் நெற்றியைத் தொட்டுக் காட்டினார், மெஷினில் மிச்சமிருந்த பட்டையைக் காட்டினார், வானத்தைக் காட்டினார். வெள்ளைக்காரர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவர் ஒருவேளை சாரிடமே நேராகத் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். ஒரே ஒரு மாஸ்டரை வைத்துக்கொண்டா வேலை செய்கிறீர்கள்? ஒருவேளை இது தொலைந்திருந்தால்?

"இவனும் அதே ரகமா!" என்று முதலாளி முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

முணுமுணுத்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். காரணம் எங்களுக்கெல்லாம் தெரியும். இரண்டாவது மாஸ்டர் வேண்டுமென்று ஒருவேளை சார் எத்தனையோ தடவை அவர் எதிரில் போய் நின்றிருக்கிறார். ஒன்றுக்கே இந்த ஆட்டம், இரண்டு வந்தால் கோயில் கட்டிவிடுவாய் என்று திட்டு வாங்கித் திரும்பியிருக்கிறார். அதைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. முதலாளி அவரையே பார்த்தபடி நின்றார். இவர் சொல்லவில்லை.

"தப்புதான் சார்" என்றார். அவ்வளவுதான்.

ராடு குட்டையாகப் போயிருந்தால் அத்தனையும் எடைக்குத்தான் போட்டிருக்க வேண்டும். நீட்டாக இருந்ததால் சீவிச் சரிசெய்ய முடிந்தது. வெள்ளைக்காரர் இரண்டு நாள் கூடத் தங்கி, சரிசெய்த சரக்கை அளந்து பார்த்துவிட்டுத்தான் போனார். தன் பையிலிருந்த மாஸ்டரையும் எங்களிடமே விட்டுப் போனார். நான் பர்மனென்ட் ஆனேன். அக்கா கொழுந்தன் வேறு யாருடைய வாசலிலோ துப்பப் போனான். ஒருவேளை சாரை முதலாளி வீட்டுக்கு அனுப்பவில்லை, மேஜையைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டோர்ஸுக்கே திருப்பி அனுப்பினார். ஆனால் எதையாவது புதிதாக ஆரம்பிக்கும் முன் ஸ்டோர்ஸ் பக்கம் முதலாளியே நடந்து போவதைப் பிறகு நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்குச் சாயங்காலம் எதுவும் முடிவாகவில்லை. அவரை மறுநாள் காலையில் வந்து பார்க்கச் சொல்லியிருந்தார் முதலாளி. எப்படிப் பார்த்தாலும் வேலை போச்சு என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்காக அவர் தனியாக நின்றிருந்தார். குடையை உள்ளேயே மறந்து விட்டுவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏன் சார் சொன்னீங்க? பேசாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. உங்களுக்கு இன்னும் ரெண்டு பொண்ணு கீது. ஒருவேளை வேலை போயிட்டா இன்னா பண்றதுன்னு தோணலியா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். புரியாத மாதிரி பார்த்தார். பிறகு மெல்ல மெல்ல அவர் கண்கள் பெரிதாயின. வாய் திறந்தது.

"அய்யய்யோ" என்றார். "அத்த யோசிக்கவே இல்லியேம்மா!"

பஸ் வந்தது. ஏறினார். நடுக்கம்பியைத் தேடவில்லை. கண்ணில் பட்ட முதல் காலி சீட்டில், டிரைவருக்கு நேர் பின்னால், தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். எனக்கும் பக்கத்தில் இடம் இருந்தது. நான் உட்காரவில்லை. வாலாஜாபாத் வரைக்கும் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிற ஒவ்வொரு லாரியையும் பார்த்தபடி, அவர் பக்கத்திலேயே நின்று வந்தேன்.